விரற்கடைக் கம்பி

எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைப்பது நான்தான். செம்பூர் மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்து, கழுவி, தேங்காய் அரைத்து, புளி கரைத்து எல்லாம் நானே செய்வேன். என் மனைவி ஷைனிக்கு அடுப்படி அவ்வளவாக வராது. கல்யாணமான நாளிலிருந்து அதை நான் ஒரு குறையாகச் சொன்னதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பெண்டாட்டி முன்னுக்கு வருவதைப் பொறுக்காதவன் என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுவார்கள். அப்படிப்பட்டவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க மாட்டான், மேடம்.

நீங்கள் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், மாட்டுங்காவில் வளர்ந்தவர், தமிழிலேயே பேசலாம் என்று வெளியே உட்கார்ந்திருக்கும் கேஷவ் சொன்னார். நல்லதாகப் போயிற்று. இங்கிலீஷில் சொன்னால் சில விஷயங்கள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷைனியின் கருவியில், ஃபில்டர் பெட்டிக்குள், இருக்கக் கூடாத ஒரு கம்பி இருந்தது. விரற்கடை நீளம். அதனால் அவள் ஊரெல்லாம் சொன்ன ஒரு முடிவு பொய்யாகிப் போனது. கம்பியைத் தானே வைத்துவிட்டு மறந்துபோனதாக அவள் உங்கள் விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். எச்சரித்து விடுவதா, வேலையை விட்டு அனுப்புவதா என்பதுதான் பாக்கி என்றார்கள். அவள் எழுதிக் கொடுத்தது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீங்கள் சட்டம் படித்தவர் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். சில உலோகக் கலவைகளைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்போம். அதை மிக மெல்லிய படலமாகப் பூசி, மேலே காந்தத்தைக் காட்டினால், காந்தம் நூல் நூலாக உள்ளே இறங்கும். ஒவ்வொரு நூலைச் சுற்றியும் மின்சாரம் ஒரு சின்னச் சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழல்கள் கண்டபடி நிற்காது. ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு பேர் என்று ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். ஒரு நுண்ணிய ஊசியைப் படலத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி அதைப் படமாக எடுப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் தொழில். ஒரு படம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

காந்தத்தைக் கூட்டினால் அந்த அணிவகுப்பு உருகும். பனிக்கட்டி மாதிரி ஒரேயடியாக உருகாது, இரண்டு கட்டமாக உருகும். ஸ்கூல் அசெம்பிளியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிள்ளைகள் இடம் பிசகுவார்கள், வரிசை கலையும், ஆனால் எல்லாரும் கொடிக்கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம்தான் அந்தத் திசையும் போகும். ஆளுக்கொரு பக்கம் திரும்புவார்கள். அதற்குப் பிறகு அது திரவம்.

இந்த இரண்டாவது கட்டத்துக்கு முந்தைய நிலையை எங்கள் படலத்தில் முதலில் பார்த்தது ஷைனி. நான் எடுத்த படத்தில் பார்த்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாக அந்தப் படத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, கலைந்துபோன படம், ஊசி சரியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

“அரே, இத ஏன் தூக்கிப் போடுத? இடம்தான் கலைஞ்சிருக்கு. எல்லாம் ஒரே பக்கம் பாத்துட்டு நிக்கு பாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. அதற்கு முன் ஒரு வாரம் தெரியவில்லை. நான் அவளுக்கு இரண்டு வருடம் சீனியர், மேடம். படலத்தைக் கண்ணாடியில் ஒட்டுவது எப்படி, குளிர்விக்க ஹீலியம் ஊற்றும்போது குழாயை எப்படிப் பிடிப்பது எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. பின்னால் நிரந்தர விஞ்ஞானி வேலை ஒன்று வந்தபோது இருவரும் விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. நான் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப அதிகாரியாக அதே ஆய்வகத்தில் இருந்துகொண்டேன். அதில் எனக்கு ஒன்றுமில்லை. வேலை என்பது குழுவில் நாலு பேர் கூடிப் போடுவது. கண் அப்படியில்லை. அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அதற்கு யாரிடம் போய் மேல்முறையீடு செய்வது?

எங்கள் தலைவர் ஜகந்நாதன் சார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் அறைக்கு நாங்கள் இருவரும் போனால், “டென்சில், அந்த டீயை இப்படி வெச்சுட்டு அந்தப் பம்ப் என்னாச்சுன்னு பாருடா. ஷைனி, நீ உக்காரும்மா, நேத்திக்கு விட்ட எடத்துலேர்ந்து சொல்லு” என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டார். பம்ப் உண்மையிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவேன். உள்ளே இருவரும் சிரிப்பது கேட்கும். அப்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனால் வயிறு எரிவது வேறு, பொறாமை வேறு. வயிறு எரிவது எல்லோருக்கும் வருவது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ‘தூஸ்ரி ஆங்க்’ என்போம், இரண்டாவது கண். கருவிக்கு வயர் போட்டவர் அதைத் தானே சரிபார்க்கக் கூடாது, தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பது சாருடைய சட்டம். வேறொருவர் பார்த்து, பெட்டியை மூடி, திருகுகளை முடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு வயர் போட்டவர் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த ஆளை நம்பவில்லை என்று அர்த்தம், பெரிய அவமரியாதை. ஷைனியின் கருவிக்கு இரண்டாவது கண் நான். வேறு யார் இருப்பார்கள்?

ஃபில்டர் என்பது டீ வடிகட்டி மாதிரிதான். வெளியிலிருந்து படலத்துக்குப் போகும் வயர்கள் மோட்டார், ரேடியோ, மொபைல் என்று ஊரில் இருக்கிற இரைச்சலை எல்லாம் சுமந்துகொண்டு போகும். ஃபில்டர் அதைத் தடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் உள்ளே விடும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்துவிட்டால் இரைச்சல் அதன் வழியாகத் தாண்டிப் போய்விடும். படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு லேசாகத்தான் சுழல்களைப் பிடித்து வைத்திருக்கும். கிசுகிசுத்தால் போதும், ஆடிவிடும்.

ஒரு மதியம் சார் எல்லோரையும் மாட்டுங்காவுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். ஷைனியின் கட்டுரை ஒன்று வெளியானதற்காக. என்னையும் கூப்பிட்டார்கள், வேலை இருக்கிறது என்றேன். அவர்கள் போன பிறகு பெட்டியைத் திறந்து கம்பியை வைத்து, மூடி, திருகுகளை முடுக்கினேன். திட்டம் சின்னதுதான். படம் கலங்கும், அவளுக்குப் புரியாது, என்னிடம் வந்து கேட்பாள். நான் கொஞ்ச நாள் யோசிப்பதுபோல் யோசித்துவிட்டுக் கம்பியை எடுத்துவிடுவேன். அவள் என்னிடம் வந்து கேட்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை.

அவள் கேட்கவில்லை. படம் கலங்கியதை அவள் கோளாறாகப் பார்க்கவில்லை. எவ்வளவு குளிர்வித்தாலும் சுழல்கள் உறையாமல் திரவமாகவே இருக்கின்றன என்று பார்த்தாள். குளிரின் அடிமட்டம் வரை போய்ப் பார்த்தாள், உறையவில்லை. அப்படி ஒரு திரவம் இருக்கலாம் என்று சிலர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். கண்ணால் கண்டவர் இல்லை. ஜகந்நாதன் சார் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் ஆள் அனுப்பி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். ஷைனியை வெளிநாட்டில் இரண்டு இடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். தாராவியில் பேக்கரி வைத்திருக்கும் என் மாமனார் தனசீலன், மகள் படம் வந்த பத்திரிகையை பிரெட் அலமாரிக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டினார்.

நான் வைத்த கம்பிக்கு அவளுக்குக் கைதட்டினார்கள். அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். கம்பியை எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தால் முடிவு காணாமல் போகும், எல்லோர் முன்னாலும் அவள் முகத்தில் ஈயாடாது. அவள் மேல் எனக்கு இரக்கம் இருந்ததால்தான் விட்டுவைத்தேன்.

ஆனால் ஷைனி நல்ல விஞ்ஞானி. ஊரே கொண்டாடும்போது அவளுக்கு மட்டும் நெருடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“எங்கயோ தப்பு இருக்கு டென்சில். இவ்ளோ சுத்தமா வரக் கூடாது. ஃபில்டர் பெட்டிய ஒருக்கா திறந்து பாக்கட்டா?”

“போன வாரம் ரெண்டு பேருமாத்தானே திறந்து பாத்தோம். நீதான டார்ச் பிடிச்ச?” என்றேன்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. அவள் கையில் எடுத்த சோற்றோடு என்னைப் பார்த்தாள்.

“ஆமாவா?”

“மறந்துட்டியா? ரொம்ப அலையுத, அதான்.”

அந்த ‘ஆமாவா’வைத் தூங்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்ன ஒரு வாக்கியம் அவளை அவளுடைய இடத்திலிருந்து ஒரு மயிரிழை நகர்த்திவிட்டது. சுழல்களைப் பற்றி அவளே எனக்கு ஒன்று சொல்லியிருக்கிறாள். பலமாக இழுத்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, ஒழுங்கு கெடாமல் அப்படியே நகர்ந்துவிடும். உருக்க வேண்டும் என்றால் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, வேண்டுமானால் அவளையே கேளுங்கள். அலமாரிச் சாவி தொங்கும் ஆணியில் இல்லாமல் செருப்பு வைக்கும் இடத்தில் இருக்கும். அணைத்துவிட்டு வந்த கேஸை நான் போய்ப் பார்த்து, எரிந்துகொண்டிருந்தது என்பேன். அவள் என்னிடம் சொல்லாததைச் சொன்னாய் என்பேன், சொன்னதைச் சொல்லவில்லை என்பேன். ஒவ்வொன்றும் சின்னது. அவள் முதலில் வாதாடினாள். அப்புறம் என்னைக் கேட்டுக்கொண்டு செய்தாள். ‘டென்சில், நான் பூட்டினேனா?’ ‘டென்சில், இன்னைக்கு அப்பாட்ட பேசினேனா?’ பெட்டியைத் திறக்கும் பேச்சு நின்றுபோனது. தன் சந்தேகத்தையே சந்தேகப்படுகிறவள் இரண்டாவது கண்ணை எப்படிச் சந்தேகப்படுவாள்?

இடம் கலைந்தது. ஆனால் திசை இன்னும் இருந்தது. அவளுக்கு அப்பா இருந்தார், சர்ச் இருந்தது. அப்பாவுடன் தினமும் மாலை போனில் பேசுவாள். மாமனாரிடம் நான், டாக்டர் அவளை ஓய்வில் விடச் சொல்கிறார், கொஞ்ச நாளைக்கு நீங்களாகக் கூப்பிட வேண்டாம் என்றேன். அவளிடம், அப்பாவுக்கு உன் பேச்சைக் கேட்டால் பயமாக இருக்கிறதாம் என்றேன். இரண்டும் சேர்ந்து வேலை செய்தன. ஒரு முறை அவர் கடைக்கு பிரெட் வாங்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, பிள்ளைக்கு என்னாச்சு? நாமளா கூப்டாலும் போன எடுக்க மாட்டேங்கா.”

“சரியாயிரும் மாமா. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

சர்ச்சுக்கு அதைவிட எளிது. எங்கள் தமிழ் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில், உடல்நலமில்லாதவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று வேண்டுதல் கொடுத்தவர்கள் பெயரைச் சபைப் போதகரான ஐயர் சத்தமாக வாசித்து ஜெபிப்பார். நான் அவள் பெயரைக் கொடுத்தேன். ‘சகோதரி ஷைனி டென்சில், மனத்தெளிவுக்காக’ என்று அவர் வாசித்தபோது அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முன் வரிசையில் சில தலைகள் திரும்பிவிட்டு, திரும்பியிருக்கக் கூடாது என்று மறுபடி நேராகின. அதற்குப் பிறகு அவள் சர்ச்சுக்கு வரவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து ஒரு ஞாயிறு தவறாதவள். நான் அவளுக்காக வேண்டிக்கொண்டேன், மேடம். அதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது.

செம்பூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார். எடுத்துக் கொடுப்பது நான்தான். சில நாள் கொடுத்துவிட்டு, இன்னும் கொடுக்கவில்லையே என்று மறுபடி கொடுத்திருக்கிறேன். சில நாள் கொடுக்காமலே, சாப்பிட்டாயே என்றிருக்கிறேன். ஒரு மாலை ஆய்வகம் முடிந்து கோவண்டியில் ரயில் ஏறியவள் எங்கள் சுனாபட்டியில் இறங்கவில்லை. கடைசி ஸ்டேஷன் சி.எஸ்.எம்.டி. வரை போய், அதே வண்டியில் மறுகோடியான பன்வேல் போய், திரும்ப வந்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ‘எங்க இறங்கணும்னு யோசிச்சுட்டே இருந்தேன்’ என்றாள். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்து, சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன். சமத்தாகச் சாப்பிட்டாள். அந்த வாரம்போல் நிம்மதியான வாரம் எனக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை. ஜகந்நாதன் சார் போன் செய்தால்கூட, என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

இந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை. கருவி ஷைனி ஒருத்தியுடையது, அதனால் அதில் ஞாயிறு எடுத்த படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. மற்ற நாளில் மாலை கிளம்பும்போது ஊசியைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் சாருடைய சட்டம், ஆக இரவில் எடுத்ததும் கிடையாது. இருக்கும் படமெல்லாம் வார நாளில், பகலில், ரயில் ஓடும்போது எடுத்தது. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் ஹார்பர் லைன் போகிறது. மின்கம்பியில் ரயில் உரசும்போது பொறி பறக்கும் அல்லவா, அதிலிருந்து கிளம்பும் இரைச்சல்தான் என் கம்பி வழியாக இறங்கிச் சுழல்களை ஆட்டிக்கொண்டிருந்தது. பொதுவாக ஏதோ இரைச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். ரயில் என்று எனக்கும் தெரியாது.

சர்ச்சை விட்டவளுக்கு ஞாயிறு காலை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் கிளம்பும்போது, ஆய்வகத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அன்று ஹார்பரில் மெகா பிளாக். தண்டவாள வேலைக்காகப் பகல் முழுக்க வண்டி கிடையாது. ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்து, போ என்றேன். அவள் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறாள்.

மதியம் போன் வந்தது. பல மாதமாகக் கேட்காத குரலில் பேசினாள். பழைய ஷைனியின் குரல்.

“டென்சில், எல்லாம் நிக்கு. ஆறு ஆறா அழகா நிக்கு. உறைஞ்சிருச்சு.”

நான் போய்ச் சேரும்போது நான்கு மணி தாண்டியிருந்தது. பிளாக் முடிந்து முதல் வண்டிகள் ஓட ஆரம்பித்திருந்தன. திரையில் கடைசியாக எடுத்துக்கொண்டிருந்த படம் மேல்பாதி துல்லியமாகவும் கீழ்ப்பாதி கலங்கியும் இருந்தது. எந்த வரியில் கலங்கியதோ அந்த நேரத்தை அவள் ரயில் நேரத்தோடு ஒட்டிப் பார்த்துவிட்டாள். ஃபில்டர் இருந்தால் ரயில் தெரியக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். வழக்கத்தை மீறிப் பெட்டியைத் திறந்துவிட்டாள். திருகுகள் மேஜையில் வரிசையாக இருந்தன. அவள் உள்ளங்கையில் கம்பி இருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெட்டியை முடுக்கியவன் நான் ஒருவன்தான். அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

“இத நான் எப்ப வெச்சேன் டென்சில்?”

நான் வாயைத் திறந்தால் போதும். உண்மையைச் சொல்லியிருக்கலாம், தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் தலையைத் தடவிக் கொடுத்து, “ஞாபகம் இல்லையா?” என்றேன்.

அன்றே அவள் ஜகந்நாதன் சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொண்டாள். பழைய முடிவைத் திரும்பப் பெற்றாள். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். இப்போது தாராவியில் அப்பா வீட்டில் இருக்கிறாள். மாத்திரை கொடுக்க நான் தினமும் போய் வருகிறேன். ‘வேற என்னெல்லாம் நான் செஞ்சிட்டு மறந்திருப்பேன்?’ என்று கேட்பாள். யோசித்துச் சொல்கிறேன் என்பேன்.

நான் இதைச் சொன்னதால் அவளுக்கு வேலை தப்பும், தனக்குப் புத்தி பிசகவில்லை என்று தெரியும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. நடக்கலாம். நீங்கள் இப்படிப் பார்க்கும்வரை எனக்கு அது தோன்றவில்லை. நான் வந்தது வேறு விஷயத்துக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வைத்து அவள் புதிதாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அந்த நிலையிலும் எழுதினாள், பாருங்கள். மெல்லிய படலத்தில் சுழல்களின் ஒழுங்கு எவ்வளவு சின்ன இரைச்சலுக்கு உருகும், இரைச்சல் நின்றதும் எப்படி மறுபடி உறையும் என்று ரயில் ரயிலாகக் காட்டியிருக்கிறாள். உறையாத திரவம் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்த மற்ற ஆய்வகங்கள் எல்லாம் இப்போது தங்கள் ஃபில்டரைத் திறந்து பார்க்கின்றன. தன் தப்பையே கண்டுபிடிப்பாக மாற்றினவள் என்று ஜகந்நாதன் சார் போகிற இடமெல்லாம் சொல்கிறார். முன்பு கைதட்டியவர்கள் இந்த முறை எழுந்து நின்று தட்டினார்கள். அவள் வரக்கூட இல்லை. கருத்தரங்கில் சார்தான் வாசித்தார். காலி நாற்காலிக்குத் தட்டினார்கள், மேடம்.

அந்தக் கட்டுரையில் கம்பியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. ‘எங்களில் ஒருவர் கவனக்குறைவாக வைத்தது’ என்று. கவனக்குறைவாக வைக்கவில்லை. அந்தப் பெட்டியில் பல பாதைகள் உண்டு. ஊசிக்குப் போகும் பாதையில் வைத்திருந்தால் கருவியே அலறிக் காட்டிக் கொடுத்திருக்கும். காந்தத்துக்குப் போகும் பாதையில் வைத்தால் ஒன்றுமே நடந்திருக்காது. படலத்துக்கு நேராகப் போகும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலும் எவ்வளவு நீளம் வைத்தால் எவ்வளவு கசியும் என்று கணக்குப் பார்த்து வெட்டினேன். கட்டுரையைப் பரிசீலித்த ஒருவர், திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு நுட்பமாக அமைந்திருக்காது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. ஏன் அந்தப் பாதை, ஏன் அந்த நீளம் என்று யாராவது ஷைனியைக் கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. என்னால் முடியும்.

தண்டனை என்ன என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஆசிரியர்கள் வரிசையில் என் பெயரைச் சேர்க்கும்படி உங்கள் குழு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஷைனி பெயருக்குப் பின்னால் போடட்டும். முன்னால்தான் போட வேண்டும் என்று கேட்க நான் ஒன்றும் பொறாமைக்காரன் இல்லை.